ராணி பிங்க்குக்கும் ராயல் ப்ளூவுக்கும் நடுவில்

எல்லாருக்கும் வணக்கம். கேமராவைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன், இந்தத் துணி தெரிய வேண்டும். தெரிகிறதா? சரி.

இது இருபாலீர்ப்புக் கொடி, அதாவது ஆண், பெண் இருபாலர் மீதும் ஈர்ப்பு உள்ளவர்களின் கொடி. நானே தைத்தது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் எல்லாரும் சேர்ந்து நடக்கிற பிரைட் பேரணிக்கு மூன்று நாள் முன்னால் மேட்சிங் பிளவுஸ் கடைக்குப் போய், ராணி பிங்க் ஒரு மீட்டர், ராயல் ப்ளூ ஒரு மீட்டர், கத்தரிப்பூ கலர் அரை மீட்டர் என்று கேட்டேன். "புடவையைக் காட்டும்மா, அப்போதான் ஷேடு சரியா வரும்" என்றார் கடைக்கார அண்ணன். புடவைக்கு இல்லை, கொடிக்கு என்றேன். "எந்தக் கட்சிம்மா?"

கத்தரிப்பூ மட்டும் ஏன் அரை மீட்டர் என்றால், அளவே அப்படித்தான். மேலே பிங்க் இரண்டு பங்கு, கீழே நீலம் இரண்டு பங்கு, நடுவில் ஊதா ஒரே பங்கு. 1998-இல் அமெரிக்காவில் மைக்கேல் பேஜ் என்பவர் வடிவமைத்தார். ஊதா, பக்கத்து நிறங்கள் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும், இருபாலீர்ப்பு உள்ளவர்களும் உலகத்தில் அப்படித்தான் கலந்து கிடக்கிறார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கணவரோடு போனேன். எந்த ஊர், எந்த வருஷம் என்பது வேண்டாம். கன்னத்தில் வண்ணம் பூசிவிட்ட பெண் ரொம்பப் பிரியமாக, "ரெண்டு பேரும் சப்போர்ட் பண்ண வந்திருக்கீங்க, சந்தோஷம்க்கா" என்றாள்.

"அவர்தான்மா சப்போர்ட். நான் உங்க ஆளு."

பிரஷ் அப்படியே நின்றது. என் தாலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம்தான் கொடியைப் பார்த்தாள். "அப்போ... இப்பவுமா?"

இந்த 'இப்பவுமா'தான் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. கல்யாணம் ஆனால் அம்மை இறங்குகிற மாதிரி இதுவும் இறங்கிவிடும் என்று என் பெரியம்மா நினைக்கலாம். பேரணிக்குள்ளேயே அப்படி நினைத்தால்? இதே நான் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், கேட்காமலே லெஸ்பியன் கணக்கில் சேர்த்திருப்பார்கள். யாரோடு நிற்கிறேனோ அதை வைத்துத்தான் எனக்குப் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், 1969-இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் சோதனையை எதிர்த்து வெடித்த கலவரத்துக்கு மறுவருஷம், 1970 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் நடந்த முதல் பேரணியை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் பிரெண்டா ஹோவர்ட். இன்று அவரை 'பிரைடின் தாய்' என்கிறார்கள். அவர் இருபாலீர்ப்பு உள்ளவர், அதை மறைத்ததும் இல்லை. 2005-இல் அவர் இறந்த தேதியும் ஜூன் 28 தான். அவர் கூட்டிய கூட்டத்துக்கு நாங்கள் விருந்தாளிகளாம்!

1993-இல் வாஷிங்டனில் பிரம்மாண்டமாக ஒரு பேரணி. அதன் பெயரில் கே, லெஸ்பியன் என்பதெல்லாம் முழுச் சொல்லாக இருந்தது, எங்களுக்கு மட்டும் 'பைசெக்ஷுவல்' என்பதை வெட்டி 'பை' என்று பாதிச் சொல். அந்தப் பாதிக்கே போராட வேண்டியிருந்தது. அன்றைக்கு மேடையில் இருபாலீர்ப்பு உரிமைப் போராளி லானி காஹுமானு பேசினார். மேடை ஏறிப் பேசுவது தனி விஷயம். நான் போன பேரணியில் மைக் பிடித்த தம்பி ஒவ்வொருவராக வரவேற்று, எங்கள் இடம் வரும்போது 'மற்றும் அனைவரும்' என்று முடித்துவிட்டார். கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் சுற்றத்தார்' போடுகிற மாதிரி.

நம் சென்னைப் பேரணிக்கு வானவில் சுயமரியாதைப் பேரணி என்று எவ்வளவு அழகான பெயர். இந்த மாதிரிப் பேரணிகளை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மைக்கில் 'இருபாலீர்ப்பு' என்ற சொல்லை முழுசாகச் சொல்லுங்கள், தமிழில் ஒரு பதாகை எழுதி வையுங்கள். ஜோடியாக வருகிறவர்களைப் பார்த்ததும் 'சப்போர்ட்டா?' என்று கேட்காதீர்கள், 'வாங்க' போதும்.

செப்டம்பர் 23, எங்களுக்கான நாள், 1999-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்று லைவ் வருகிறேன். அதற்குள் கொடி தைக்க நினைக்கிறவர்கள், ராணி பிங்க் துணியை மட்டும் முதலில் தனியாகத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசிக் காயவைத்துவிடுங்கள். நான் அப்படியே தைத்துவிட்டேன். வியர்வையில் சாயம் இறங்கி, அவருடைய வெள்ளைச் சட்டைத் தோள் இன்னும் பிங்க்காகத்தான் இருக்கிறது.