கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

(வண்ணாரப்பேட்டையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நம் பேட்டைக்காரர்கள். உங்கள் இரு தரப்புக்கும் நடுவே நெடுங்காலமாக ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஸ்டான்லி மருத்துவமனையை நம் பக்கத்து வயசானவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். என் ஆயாவுக்குக் கடைசிவரை ‘ஸ்டான்லி’ என்று வாயில் வந்ததே இல்லை. சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கூச்சமாக இருக்கும். அப்புறம் காரணம் தெரிந்தபோது, ஒரு மருத்துவமனைக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று தோன்றியது.

1780-ல் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் மூண்டது. சென்னையைச் சுற்றியிருந்த வயல்கள் பாழாகி, பஞ்சம் வந்தது. கிராமத்து ஜனங்கள் உயிர் பிழைக்க இங்கே வந்து குவிந்தார்கள். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். பஞ்சத்தில் அடிபட்டு வருகிறவன் வெறும் பசியோடு மட்டுமா வருவான்? பேதி, காய்ச்சல், ஆறாத புண் எல்லாம் கூடவே வரும். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சத்திரத்தை ஒட்டியே நோயாளிகளுக்கும் இடம் ஏற்படுத்தினார். கஞ்சிக்குப் பக்கத்தில் மருந்து வந்தது இப்படித்தான். மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது 1938-ல். மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் பலகையில் ஏறியது. ஜனங்கள் வாயில் கஞ்சித்தொட்டியே நின்றுவிட்டது.

அந்தக் கட்டடத்தைச் சுற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். துறைமுகம். 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் ஸ்டேஷன். காசிமேட்டு விசைப்படகுகள். அச்சுக்கூடங்கள், லேத் பட்டறைகள், சந்துக்குச் சந்து தகட்டை வெட்டி அடிக்கும் பவர் பிரஸ். வடசென்னை கையால் பிழைக்கிற ஊர். அதனால் இங்கே அடிபடுவதும் முதலில் கைதான்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். தகர மூடி அடிக்கும் ஒரு பட்டறையில் அவருக்குப் பிரஸ் வேலை. கை தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கால் பெடலை மிதிக்க வேண்டும். நாள் முழுக்க கையும் காலும் ஒரே தாளத்தில் போக வேண்டும். 1983-ல் ஒரு ராத்திரி, ஓவர்டைமில், அந்தத் தாளம் ஒரு நொடி தப்பியது. வலது ஆள்காட்டி விரல் நுனி சாய்வாகப் போய்விட்டது. பாதி நகத்தோடு. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்து மிஷின்காரர் காப்பித்தூளை அப்பி, வேட்டித் துணியைச் சுற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஸ்டான்லியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்த மாதிரி விரலுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. எலும்பை இன்னும் கொஞ்சம் நறுக்கி, தோலை இழுத்துத் தைத்துவிடலாம். காயம் ஆறிவிடும், விரல் குட்டையாகிவிடும். ஆனால் ஸ்டான்லியில் அதற்குள் வேறொரு வழி வந்திருந்தது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறையை வளர்த்தார். அவரும் அவருடைய சகாவும் 1980-ல் ஒரு புது முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே விரலின் பக்கவாட்டுத் தோலை முக்கோணமாகக் கீறி, அதோடு வரும் ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுக்காமல், நுனியை மூடும்படி முன்னால் நகர்த்தி வைப்பது. தோல் தன் நரம்போடு வருவதால் தொடு உணர்ச்சியும் வரும். இன்று உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கை மருத்துவர்கள் அந்த முக்கோணத்தை வெங்கடசாமியின் பெயரைச் சொல்லியே படிக்கிறார்கள்.

அந்த முறை நம் பக்கத்தில் ஏன் பிறந்தது? இத்தனை நசுங்கிய விரல்கள் ஒரே வாசலில் வந்து நின்றதால். பிரஸ்ஸில் மாட்டியவை, கரும்புச்சாறு மிஷினில் மாட்டியவை, கிரைண்டரில் மாட்டியவை. ஒருவருக்குச் செய்ததில் கற்றதை அடுத்தவருக்குச் செய்தார்கள். பெருமையாகச் சொல்கிறோமே, அந்த அறிவில் நம் ஜனங்களின் வலியும் சேர்ந்திருக்கிறது. அதை நான் மறக்கத் தயாரில்லை.

நைனாவின் கதைக்கு வருகிறேன். தையல் பிரித்ததோடு விடவில்லை. பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். தட்டில் பச்சைப்பயறைக் கொட்டி, அடிபட்ட விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வீட்டிலும் செய்யச் சொன்னதால் அம்மா முறத்தில் பயறைப் பரப்பி வைப்பாள். பிரஸ்ஸில் ஆயிரக்கணக்கில் மூடி அடித்த மனுஷர், பத்து பயறு பொறுக்குவதற்குள் வியர்த்துப்போவார். நானும் தங்கச்சியும் எண்ணிச் சொல்வோம்.

ஆறு மாசம் கழித்து ஒரு நாள் ரிவ்யூவுக்குப் போனார். டாக்டரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள். விரலில் தொடு உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க, டாக்டர் ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி வளைத்து இரண்டு முனையாக்கினார். நைனாவைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் தொட்டார். “ஒண்ணா, ரெண்டா?” “ரெண்டு சார்.” முனைகளை இன்னும் நெருக்கினார். “இப்போ?” “ரெண்டு.” இன்னும் நெருக்கினார். நைனா யோசித்து, “ஒண்ணு மாதிரி இருக்கு சார்” என்றார். மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அதுவரை நைனா சொன்ன எதையும் யாரும் எழுதிக்கொண்டதில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: “இன்னிக்கு நான் பாடம் நடத்திட்டு வந்தேன்.”

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். ஆனால் ‘போதனா மருத்துவமனை’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. போதிக்கிறவர் டாக்டர் மட்டும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பவரும்தான்.

மாணவப் பிள்ளைகளே, புத்தகத்தில் நோய்க்கு ஒரு பெயர்தான் இருக்கும். வார்டில் அது ‘மாரை அடைக்குது’ என்று வரும், ‘கை மதமதங்குது’ என்று வரும். எல்லை தாண்டித் தடா, சூளூர்பேட்டையிலிருந்து வருபவர் தெலுங்கில் சொல்வார். அதை நின்று கேட்டுப் புரிந்துகொள்கிற காதுதான் நல்ல டாக்டரின் முதல் கருவி என்று நான் நம்புகிறேன். ஒன்று கேட்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன்பு பேரைக் கேளுங்கள். “தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ‘பதினாலாம் பெட்’ என்று சொல்லாதீர்கள். இலவச வைத்தியம் என்பதற்காக அவர் தன் உடம்பைக் காட்டக் கடமைப்பட்டவர் இல்லை. மனசு வைத்துத்தான் காட்டுகிறார்.

நம் ஜனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம், ஓ.பி. சீட்டுக்கு வரிசை நிற்க வேண்டும், சரி. எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் அதுதான் நிலைமை. குறையைச் சத்தமாகவே கேளுங்கள், நம் சொத்து அது. ஆனால் ஒரு ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், முப்பது மணி நேரமாகத் தூங்காமல் நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஆள் போதாததற்கு அவரா பொறுப்பு?

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் மாணவர்களை முக்கியமாக வரச் சொன்னேன். கையில் அடிபட்டால் காப்பித்தூள் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்கி வையுங்கள். துண்டான விரல் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, தண்ணீரில் மிதக்கவும் கூடாது. பட்டால் திசு கெட்டுவிடும், திரும்பப் பொருத்த முடியாமல் போகும். தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பின்னால் இருக்கிற மேஜையில் துணி, கவர், ஐஸ் பெட்டி எல்லாம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் செய்து காட்டுவார்கள், நீங்களும் ஒருமுறை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். பிரஸ்ஸிலும் லேத்திலும் வேலை செய்கிறவர்கள் முதலில் வாருங்கள்.