ஐந்து மகன்கள் இருந்தும் அறுந்துபோன வம்சம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேமராவை மேசைக்கு மேலே கட்டியிருக்கிறேன். என் முகம் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது இந்த சார்ட்டைத்தான். இங்கிலாந்தின் மார்ஷல் குடும்ப வம்சாவளி.

மேலே வில்லியம் மார்ஷல். 1152இல் நியூபரி முற்றுகையின்போது இவர் ஸ்டீபன் மன்னரிடம் பிணைக்கைதியாக இருந்த சின்னப் பையன். "உன் பிள்ளையைத் தூக்கில் போடுவேன்" என்று மன்னர் மிரட்ட, "இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன" என்றாராம் அப்பா ஜான். குடும்பமே பணம் கொடுத்து எழுதவைத்த பாட்டில் வரும் கதை, கொஞ்சம் உப்புப் போட்டிருப்பார்கள். பையன் பிழைத்தான். கடைசியில் சிறுவனாகப் பட்டம் ஏறிய மூன்றாம் ஹென்றிக்குப் பதிலாக நாட்டையே ஆண்டு, 1219இல் இறந்தார்.

சொத்து வந்தது மனைவி வழியில். 1189இல் கட்டிய இசபெல் டி கிளேரின் தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னர் மகள். ஆக லென்ஸ்டரும் வேல்ஸில் பெம்ப்ரோக்கும் கைக்கு வந்தன.

மகன்கள் ஐந்து பேர். வில்லியம் 1231இல் போனார். ரிச்சர்ட் 1234இல் கில்டேரில் சண்டைக் காயத்தால். கில்பர்ட் 1241இல் ஹெர்ட்ஃபோர்ட் பக்கம் குதிரைப் போட்டியில், கடிவாளம் அறுந்து. வால்டரும் ஆன்செல்மும் 1245 கடைசியில், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில். ஐவருக்கும் முறைப்படி வாரிசு இல்லை. அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயர், தன் நிலத்தைப் பிடுங்கியதற்காகச் சாபம் விட்டார் என்று மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். எல்லோரும் செத்த பிறகு எழுதிய சாபம் பலிக்காமலா போகும்?

பல சார்ட்கள் இந்த இடத்திலேயே கோடு போட்டு நிறுத்திவிடுகின்றன. எனக்கு எரிச்சலே அதுதான். மகள்களும் ஐந்து பேர் இருந்தார்களே! அந்நாட்டுச் சட்டப்படி மகன் இருந்தால் மூத்தவனுக்கே நிலம். மகன்கள் இல்லாவிட்டால் மகள்களுக்குச் சமபங்கு. மகள் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு. 1247இல் லென்ஸ்டர் ஐந்தாகக் கூறுபோடப்பட்டது. மூத்தவர் மோடுக்குக் கார்லோ, இசபெல் வழிக்குக் கில்கென்னி, சிபில் வழிக்குக் கில்டேர், ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்ட், ஈவா வழிக்கு டனமேஸ்.

சார்ட் போடுகிறவர்கள் கவனிக்க: தாய் இசபெல், மகள் இசபெல், அவர் மகளும் இசபெல். பெயரை மட்டும் எழுதினால் நாளைக்கு நமக்கே புரியாது. கணவர் பெயரைப் பக்கத்தில் போடுங்கள், நான் தலைமுறைக்கு ஒரு நிற மை வைத்திருக்கிறேன். இந்தப் பச்சை மையில் இருக்கும் மூன்றாவது இசபெல், அதாவது பேத்தி, ராபர்ட் புரூஸ் என்பவரைக் கட்டினார். அப்படியே விரலைக் கீழே இழுங்கள், அவருடைய பேரன்தான் ஸ்காட்லாந்து மன்னரான ராபர்ட் புரூஸ். மார்ஷலுக்கு அவர் மகள் வழியில் எள்ளுப் பேரன். "அறுந்த" வம்சம்!

அப்புறம், மார்ஷல் என்பது இந்தக் குடும்பத்தின் பெயர் மட்டுமல்ல, அரசவையில் அவர்கள் வகித்த பரம்பரைப் பதவியும்கூட. அந்தப் பதவி மூத்தவர் மோடுக்குப் போய், அவர் மூலம் நார்ஃபோக் பிரபுக்களான பிகாட் குடும்பத்துக்கு வந்தது. இடையில் அரசரிடம் திரும்பிப் பல கை மாறினாலும் இன்றும் நார்ஃபோக் பிரபுவிடம்தான் இருக்கிறது. 2023இல் சார்லஸ் மன்னர் முடிசூட்டு விழாவை ஏற்பாடு செய்தவர் அவரே.

சரி, சிபிலுக்கு மட்டும் ஏழு மகள்கள். ஐந்தில் ஒரு பங்கை ஏழாகப் பிரித்து ஆளுக்கு முப்பத்தைந்தில் ஒன்று. அதை வரைய இந்த மேசை போதாது. அடுத்த வீடியோவைத் தரையில் விரித்துத்தான் எடுக்க வேண்டும்.