குண்டாஸுக்குக் கைதட்டுவதற்கு முன்னால்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர், "இந்த ஏரியா ரவுடிங்க அத்தனை பேர் மேலயும் குண்டாஸ் பாயணும்" என்று சொன்னபோது இந்த மண்டபத்தில் எழுந்த கைதட்டலைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கைதட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி டியூஷன் முடிந்து வரும் பெண்ணுக்காகத் தெருமுனையில் நிற்கிற அப்பாவுக்கு, எவனையாவது உள்ளே தூக்கிப் போட்டால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு கைதட்டலாமே. நான் வக்கீல் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை, படித்ததையும் பட்டதையும் வைத்துப் பேசுகிறேன்.

1982-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது இந்தச் சட்டம். சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், குண்டர், குடிசைப் பகுதி நிலத்தைப் பிடுங்குபவர் என்று ஒரு பட்டியலோடு ஆரம்பித்தது. அப்புறம் வனக் குற்றம் சேர்ந்தது, 2004-ல் திருட்டு விசிடி, பிறகு மணல் கடத்தல், 2014-ல் பாலியல் குற்றம், சைபர் குற்றம். அந்த 2014 திருத்தத்தில்தான், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போனது, ஒரு தடவையே போதும் என்று ஆனது. எந்த ஆட்சி வந்தும் இந்தச் சட்டத்தைச் சுருக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அடக்குமுறை என்பார்கள், கோட்டைக்குள் போனதும் அவர்களே கையில் எடுப்பார்கள்.

இது தண்டனை இல்லை, தடுப்புக் காவல், அதாவது இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பது. மாநகரத்தில் கமிஷனர், மற்ற இடங்களில் கலெக்டர், ஒரு கையெழுத்து போட்டால் 12 மாதம் வரைக்கும் உள்ளே. பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ரிமாண்டில்தான் இருப்பார், ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்பதுதான் காரணமாக எழுதப்படும். அந்த ஆணை சரிதானா என்று 3 பேர் கொண்ட அறிவுரைக் கழகம் பார்க்கும், ஆனால் அங்கே உங்களுக்காகப் பேச வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. குற்றம் செய்தாரா இல்லையா என்று சாட்சியை வைத்துக் குறுக்கு விசாரணை நடப்பதும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகன் மேல் குண்டாஸ் போட்ட ஒரு வாரத்தில் அந்த புக்லெட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். புக்லெட் என்றுதான் சொல்வார்கள், காவல் ஆணை, எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் காகிதம், மற்ற வழக்கு நகல் எல்லாம் சேர்த்துத் தைத்தது, ஒரு செங்கல் கனம். மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "இதுல என் புள்ள என்ன பண்ணினான்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்றார். பாதிப் பக்கம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் கறுத்துப் போயிருந்தது, ஒரு கோர்ட் உத்தரவு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. இந்த மாதிரி படிக்க முடியாத பக்கம், தமிழில் தராத நகல், அரசுக்குப் போட்ட மனுவைத் தாமதமாகப் பார்த்தது, இவற்றைச் சொல்லியே, அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவில் எத்தனையோ குண்டாஸ் உயர்நீதிமன்றத்தில் ரத்தாகிறது. ஆனால் ரத்தாகும்போது பல மாதம் ஓடியிருக்கும். அந்தப் பையன் நிஜமாகவே கத்தியைக் காட்டி மிரட்டியவனாக இருந்தால், மிரட்டப்பட்டவருக்கு இதில் என்ன நியாயம் கிடைத்தது? கத்தி வழக்கு இதில் விசாரிக்கப்படவே இல்லையே. அவன் குற்றவாளி இல்லை என்றால், போன மாதங்களை யார் திருப்பித் தருவது? 2017-ல் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மேல் இதே சட்டம் பாய்ந்து, சில மாதம் கழித்து உயர்நீதிமன்றம் ரத்து செய்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மேடையில் பேசுகிறவர் மேல் போடக்கூடிய சட்டம் அது என்பதையும் கைதட்டும்போது நினைக்க வேண்டும்.

இப்போது நம்ம ஸ்டேஷனுக்கு வருகிறேன், எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. என் பைக் திருடு போனபோது புகார் எழுதிக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வாங்கிப் படித்துவிட்டு, "திருட்டுன்னு வேண்டாம் சார், காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றார். பேனாவும் அவரே கொடுத்தார். நான் மறுத்ததும் புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்து உட்காரச் சொன்னார், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பொறுக்கவில்லை, ஒரு கட்சியின் வட்டச் செயலாளருக்கு போன் போட்டான். பத்து நிமிஷத்தில் எஃப்.ஐ.ஆர். ரெடி, டீ வேறு வந்தது. அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. எனக்கு ஒரு போன் இருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த, துப்புரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது இல்லை, நான் கிளம்பும்போதும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-லிருந்து புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகும் எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இத்தனை வழி இருந்தும் நாம் வட்டச் செயலாளருக்குத்தான் போன் போடுகிறோம், போட்ட கடனை ஓட்டாகத் திருப்பிக் கட்டுகிறோம். அதே வட்டச் செயலாளர் நாளைக்கு ஒருவனை விடச் சொல்லியும் அதே ஸ்டேஷனுக்குத்தான் பேசுவார்.

சரி, போலீஸ் மேலேயே புகார் என்றால்? 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013-ல் போட்ட சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் கீழே இருப்பவர் மேல் கொடுக்கும் புகாரை எஸ்.பி.யும் சேர்ந்து விசாரிப்பார். இதை எந்தத் தேர்தல் கூட்டத்திலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவல் சித்திரவதையில் செத்தபோது, ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைக்க வேண்டும், முடியாத இடத்திலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் அடியில் செத்தார். ஸ்டேஷன் கேமராவில் எதுவும் விழவில்லை, ஏனென்றால் அடித்தது வெளியே வைத்து, யாரோ ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த வீடியோதான் ஊருக்குக் காட்டியது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். இதையும் கேட்போம். அதற்கு முன்னால் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நம்ம ஸ்டேஷனில் போன வருஷம் எத்தனை சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, கேமரா எத்தனை, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, நாளைக் காலையில் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். இதே மாதிரி தன் பெயரிலும் போட நினைப்பவர்களுக்குப் பத்து நகல் பின்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் இதே மைக்கில் படிக்கிறேன்.