முட்டை நிறம் வெளுத்ததும் கிளிஞ்சலைத் தேடி ஓடாதீர்கள்

வணக்கம் மக்களே. இந்த வாரம் புதுக் கூண்டு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது கிடக்கட்டும், முதலில் இந்த முட்டையைப் பாருங்கள். ஓடே இல்லை, வெறும் தோல். உள்ளங்கையில் வைத்தால் தளதளவென்று ஆடுகிறது, மஞ்சள் கரு எந்தப் பக்கம் உருள்கிறது என்பதுகூடத் தெரிகிறது.

போன வீடியோவில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்று சொல்லி கிளிஞ்சலைக் கூட்டினேன் இல்லையா, அது தப்பு. 160 கிராமப்பிரியா இனக் கோழியில் தினம் 105 முட்டை வந்த இடத்தில் இப்போது 66தான். கோழி நன்றாக மேய்கிறது, கொண்டை சிவப்பாக இருக்கிறது, ஒன்றுகூடச் சாகவில்லை, அதனால்தான் ஏமாந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஈ.டி.எஸ்., அதாவது எக் டிராப் சிண்ட்ரோம் என்று வந்துவிட்டது. முட்டை உற்பத்தியைக் குறைத்துவிடும் அடினோ வைரஸ், 1976இல் நெதர்லாந்தில் முதலில் கண்டுபிடித்தது. கோழி உடம்புக்குள் ஓடு உருவாகும் பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், தோல் முட்டை வருவதற்கு முன்பே பழுப்பு முட்டை வெளுக்கும். எனக்கு வெளுத்தது, நான் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கிருந்து வந்தது? இந்த வைரஸுக்குச் சொந்த வீடே வாத்துதான், அதற்கு ஒன்றும் செய்யாது, எச்சத்தில் கழித்துவிடும். என் வாத்துகள் எனக்கு உயிர் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நேற்றே குட்டைப் பக்கம் தனி வேலி போட்டுவிட்டேன். ஆனால் என் கோபமெல்லாம் பழைய முட்டை அட்டை மேல்தான். 2 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கட்டுக்கட்டாக வாங்கினேன், பிரித்துப் பார்த்தால் குழிக்குள் காய்ந்த மஞ்சள் கரு, எச்சம், ஒட்டிய இறகு. எந்தப் பண்ணையுடையதோ! காகித அட்டையைக் கழுவவும் முடியாது. அத்தனையையும் கொளுத்திவிட்டு பிளாஸ்டிக் அட்டை 40 வாங்கினேன், கடைக்காரர் ஒன்று 35 ரூபாய் சொன்னார், அரை மணி நேரம் நின்று பேசி 28க்கு முடித்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு! தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.

சரி, மருந்து என்ன என்று கேட்பீர்கள். வந்த பிறகு மருந்து கிடையாது, 4 முதல் 10 வாரம் பொறுக்க வேண்டும். அடுத்த செட் கோழிகளுக்கு முட்டையிட ஆரம்பிக்கும் முன்பே, 14இலிருந்து 16 வார வயதுக்குள் தடுப்பூசி போடப் போகிறேன், 500 டோஸ் பாட்டில்தான் கிடைக்கிறது, பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், மனிதருக்கு இது வராது, பயப்படாதீர்கள். ஆனால் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும், குஞ்சு நன்றாகவே வளரும், முட்டையிட ஆரம்பிக்கும் வயதில்தான் நோய் வெளியே வரும். அதனால் அடைக்கு வைக்க முட்டை கேட்டு முன்பணம் கொடுத்தவர்களுக்கு இன்று மாலைக்குள் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.