ஆயாவின் பைண்ட்டும் அமெரிக்கப் பைண்ட்டும் ஒன்றா?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் இருக்கும் மகள் தீபாவளிக்குப் பர்ஃபி செய்முறை அனுப்பினாள். 1 பைண்ட் கிரீம் என்று இருக்கிறது. எங்கள் ஆயாவின் நோட்டிலும் பைண்ட் கணக்குதான். இரண்டும் ஒன்றா? எத்தனை மில்லி ஊற்றுவது?"

ஒன்றில்லை அக்கா. ஆயா எழுதியது பிரிட்டிஷ் பைண்ட், 568 மில்லி. 1970களில் நம் தென்னாப்பிரிக்கா மெட்ரிக்குக்கு மாறும்வரை இங்கே அதுதான் புழக்கம். மகள் அனுப்பியது அமெரிக்கப் பைண்ட், 473 மில்லி. 95 மில்லி வித்தியாசம், ஆறு மேசைக்கரண்டிக்கும் மேல். பர்ஃபியில் அவ்வளவு கிரீம் கூடினால் எளிதில் இறுகாது. ஒரு வருடம் நானே ஆயா கணக்கில் ஊற்றிவிட்டு, கை வலிக்கக் கிளறியிருக்கிறேன்.

ஏன் இப்படி ஆனது? 1824-ல் பிரிட்டன் தன் கேலனைப் பெரிதாக்கிக்கொண்டது. அமெரிக்கா பழைய ஒயின் கேலனை விடவில்லை. அது 231 கன அங்குலம், நம் கணக்கில் 3,785 மில்லி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். பாதி பாதியாக நான்கு முறை வெட்டுங்கள்: அரை கேலன் 1,893, குவார்ட் 946, பைண்ட் 473, கப் 237.

கப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் அளவுக் கப் 250 மில்லி. செய்முறை முழுவதும் கப் கணக்கில் இருந்தால் கவலையில்லை, நம் கப்பிலேயே அளக்கலாம், விகிதம் மாறாது. ஆனால் நடுவில் முட்டையோ, டின் பாலோ, கிராம் கணக்கோ வந்தால் நிலைமை வேறு. 4 கப் பாலில் 54 மில்லி கூடிவிடும்.

அப்புறம் அவுன்ஸ். கிரீமுக்கு எழுதினால் அது கொள்ளளவு, 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. வெண்ணெய்க்கு எழுதினால் எடை, 28 கிராம். அதைத் தராசில் வையுங்கள்.

அளவு ஜக்கைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். மேடையில் வைத்து, குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக வரும்படி பாருங்கள்.

சரி, உங்கள் பர்ஃபிக்கு: 500 மில்லி கிரீம் வாங்குங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஊற்றுங்கள்.