உள்பக்கம் சாயும் முழங்கால்

வணக்கம் நேயர்களே. 2023 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன் ஆடவில்லை. அதே அணியின் பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடெமா ஆகியோரும் ஆடவில்லை. மூவருக்கும் ஒரே காயம்: முழங்காலின் நடுவே இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்துவிட்டது.

தொடை எலும்புக்கு அடியில் கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்த ஜவ்வுதான். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்களுக்கு இது கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட 2 முதல் 8 மடங்கு வரை அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் யாரும் வந்து மோதுவதுகூட இல்லை. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? இடுப்பெலும்பு அகலம், அதனால் தொடை எலும்பு சற்றுச் சாய்வாக இறங்குகிறது என்பார்கள். ஜவ்வும் சராசரியாகச் சிறியது, அது கடந்து போகும் எலும்புப் பள்ளமும் குறுகலானது. மாதவிடாய்ச் சுழற்சியில் மூட்டின் இறுக்கம் கொஞ்சம் மாறுவதும் உண்டு. எல்லாம் சரி. ஆனால் பழியை முழுக்க எலும்பின் மீது போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பருவமடைவதற்கு முன்பு பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் காயத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அப்புறம் உயரம் கூடுகிறது, எடை கூடுகிறது. பையன்களுக்குத் தசை வலுவும் சேர்ந்தே ஏறுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வலுப் பயிற்சிக்கு அவர்களை அழைப்பவர்களும் குறைவு.

இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். பல பெண்கள் முழங்காலை அதிகம் மடக்காமல், விறைப்பாக இறங்குகிறார்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறது. முன்தொடைத் தசை இழுக்கிற வேகத்துக்குப் பின்தொடைத் தசை ஈடுகொடுப்பதில்லை. கால் தரையைத் தொட்ட கண்ணிமைக்கும் நேரத்தில் ஜவ்வு போய்விடுகிறது. எலும்பின் அகலத்தை யாரும் மாற்ற முடியாது, இறங்கும் விதத்தை மாற்றலாம். அதற்கென்றே 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று 20 நிமிட உடற்பயிற்சி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்யும் அணிகளில் முழங்கால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. நேரமில்லை என்று பயிற்சியாளர்கள் முதலில் வெட்டுவதும் இந்த 20 நிமிடத்தைத்தான்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பாதி உட்காருங்கள். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கிறதா, கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போகிறதா? உள்ளே போனால், வலுவேற்ற வேண்டியது பெரும்பாலும் முட்டியை அல்ல, இடுப்பின் பக்கத் தசையை.