நரம்பு கேட்கும், குழாய் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோழித் தொடையை வீட்டில் வெட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். சதைக்கு நடுவே வெள்ளையாக, இழுத்தால் லேசில் அறாத நூல் ஒன்று வரும். அதுதான் நரம்பு. அதை ஒட்டினாற்போல ரத்தக்குழாயும் போகும். நம் விரல்களிலும் அப்படித்தான், இரண்டு ஓரத்திலும் நரம்பும் தமனியும் ஜோடியாக ஓடுகின்றன.

இந்த ஜோடி எப்படிச் சேர்ந்தது? 2002-இல் எலிக்கருவின் தோலில் இதைப் பார்த்தார்கள். உணர்வு நரம்புகளே இல்லாத கருவில் தமனிகள் சரியாக உருவாகவில்லை. இன்னொரு வகை எலியில் நரம்புகள் தாறுமாறாக வளர்ந்திருந்தன. அங்கே தமனிகளும் அதே தாறுமாறான வழியில் கூடவே போயிருந்தன! வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தை நரம்பு சுரக்கிறது, குழாய் அந்த வாசனை பிடித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் நரம்புதான் முன்னால் போகும் என்றும் இல்லை. ரத்தக்குழாயைச் சுருக்கி விரிக்கும் பரிவு நரம்புகள், குழாயைப் பிடித்துக்கொண்டுதான் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

வளரும் நரம்பின் நுனி கை விரித்துத் துழாவுவதுபோல இருக்கும். 1890-இல் கோழிக்கருவில் அதை முதலில் கண்டு சொன்னவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹால். நூறு வருஷம் தாண்டி, 2003-இல், எலியின் விழித்திரையில் வளரும் குழாயின் நுனியிலும் அதே மாதிரி விரல் நீட்டும் செல் இருப்பதைக் காட்டினார்கள். 'இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போகாதே' என்று இரண்டுக்கும் வழி சொல்லும் புரதங்களில் பலவும் ஒன்றேதான்.

மூளையின் கதை இன்னும் சுவாரசியம். கருவில் மூளையாகப் போகும் நரம்புக்குழலுக்குள் முதலில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. வெளியே வலைபோலச் சூழ்ந்திருக்கும் குழாய்கள்தான், உள்ளிருந்து வரும் அழைப்பைக் கேட்டுத் துளைத்துக்கொண்டு நுழைகின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, பின்னாளில் உடம்பின் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்னப் போகிறது. அதற்கான ஏற்பாடு இங்கேயே தொடங்குகிறது.

சரி, இந்தப் பேச்சு தடைபட்டால்? நான் கண் மருத்துவன், எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

விழித்திரையும் மூளையின் ஒரு பகுதிதான். அதில் நரம்பு செல்கள் முதலில் வந்துவிடுகின்றன. வளர வளர அவற்றுக்கு ஆக்சிஜன் போதாமல் போகும். அந்தப் பற்றாக்குறைதான் வி.இ.ஜி.எஃப்-ஐச் சுரக்க வைக்கிறது. கர்ப்பத்தின் 16-வது வாரம் வாக்கில் கண் நரம்பின் அருகே புறப்படும் குழாய்கள், கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து ஓரத்தைத் தொடும்போது ஏறக்குறைய 40-வது வாரம் ஆகிவிடும்.

குழந்தை 28 வாரத்தில் பிறந்துவிட்டால்? குழாய்கள் பாதி வழியில்தான் இருக்கும். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். இன்குபேட்டரில் இன்னும் அதிகமாகக் கொடுத்தால் விழித்திரைக்குப் பற்றாக்குறையே தெரியாது. அழைப்பு நின்றுபோகும், குழாயும் நின்றுபோகும். சில வாரத்தில் நரம்பு செல்கள் முதிர்ந்து பசி எடுத்ததும் அழைப்பு ஒரேயடியாக எகிறும். அப்போது வரும் குழாய்கள் ஒழுங்கில்லாதவை. கசியும், தழும்பாகும், விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். 1940-களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்தது இப்படித்தான். அதிக ஆக்சிஜன்தான் காரணம் என்பது 1950-களில் உறுதியானது. உடனே ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அதில் உயிர்கள் போயின. இன்றைக்கும் அந்த அளவு, கத்தி மேல் நடக்கிற வேலைதான்.

சிகிச்சையும் இந்தப் பேச்சுவார்த்தையைப் புரிந்துகொண்டதால் வந்ததுதான். குழாய் சேராத ஓரப் பகுதியை லேசரால் சுட்டுவிடுகிறோம். அழைப்பவரே இல்லாமல் போய்விடுகிறார். அல்லது வி.இ.ஜி.எஃப்-ஐ முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறோம்.

"பாப்பா நல்லாத்தான் முழிச்சுப் பாக்குது, எதுக்கு டாக்டர் டெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். இந்த நோய் வெளியே தெரியாது. நம் நாட்டு வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லவில்லை என்றால், நீங்களே கேளுங்கள்.

வணக்கம்.